நீல விளக்கு மட்டும்

யாராவது வெக்கையில் அவதிப்பட்டால் என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. லேப்டாப்புக்கு அடியில் வைக்கிற அந்தக் கூலிங் பேடை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான், மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு லேப்டாப்பில்தான் பிழைப்பு. கட்டப்போகிற வீடு உள்ளே எப்படி இருக்கும் என்று, திரைச்சீலையின் மடிப்பு, தரையில் விழும் வெயில் வரைக்கும், நிஜம் போலவே படமாக்கிக் கொடுப்பாள். ஒரு படம் முழுதாக உருவாகி வர வெகுநேரம் பிடிக்கும். அதுவரை லேப்டாப் மூச்சிரைத்துக்கொண்டே கிடக்கும். எங்கள் வீட்டில் மேஜை போட இடமில்லை. கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாள். ஒருநாள் அவள் தொடையில் சிவப்பாகத் தடம் இருந்ததைப் பார்த்தேன்.

“என்ன பாப்பா இது?”

“லேப்டாப் சூடுக்கா. பழகிடுச்சு, விடு.”

நான் விடவில்லை. அன்றைக்கே வாங்கி வந்தேன். தட்டையான பலகை, உள்ளே மூன்று சின்ன விசிறிகள், ஓரத்தில் ஒரு நீல விளக்கு. லேப்டாப்பிலேயே சொருகினால் போதும். அவள் அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். “எனக்கு ஃபேன் இல்ல, இதுக்கு மூணு ஃபேனா?” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வரன் பேசி முடிவாகியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டுச் சொல்லவில்லை, நானாகச் சொன்னதுதான். ஆனால் அதை அவள் ஒரு நாளும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன் என்று கீழ் வீட்டு டிரைவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்கு வாய் நீளம்.

நான் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது என் வேலை. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவேன். வந்து கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து “அக்கா, வந்துட்டியா?” என்று குரல் வரும். அந்த ஒரு குரலுக்காகத்தான் மூன்று மாடி ஏறினேன்.

ஒருநாள் அந்தக் குரலோடு ஓட்டமும் வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. கடைசியாக ஒரு பரீட்சை மட்டும் பாக்கி. அவர்கள் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க, இவள் ஓர் அறையை வரைந்து காட்ட வேண்டும்.

“கெடச்சா அங்கேயே தங்கணும்க்கா. ஹாஸ்டல் இருக்கு.”

“அப்ப நான்?”

“நீ லீவுக்கு வா.”

லீவுக்கு. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு லீவில் வந்துபோகிறவர்களை என்னவென்று கூப்பிடுவார்கள்? விருந்தாளி என்று. நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

பரீட்சையன்று காலையில் அவள் குளிக்கப் போனாள். கூலிங் பேடைத் திருப்பி, அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, நூல் வெட்டும் கத்தரியால் இரண்டு விசிறிகளின் ஒயரை வெட்டினேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். சத்தம் வர வேண்டுமே. நீல விளக்கு எப்போதும் போல எரிந்தது.

பாதி அறை வரைந்திருந்தபோது லேப்டாப் சூடாகி அணைந்துவிட்டது. மறுபடி உயிர் வருவதற்குள் அவர்கள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். அன்று நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமல்லவா? என் மடியில் படுத்து அழுதாள். தலையைக் கோதிவிட்டேன். சின்ன வயதில் அழுதது போலவே அழுதாள். உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். அவ்வளவு நிம்மதியான ஒரு பகல் எனக்கு வாய்த்ததே இல்லை.

அடுத்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. அதிலும் இதே கதை. அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். தனக்கு ராசியில்லை என்று நம்ப ஆரம்பித்தாள். எந்தச் சுடிதாரைப் போடுவது என்பதைக்கூட என்னைக் கேட்டாள். சிநேகிதிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. “நீதான் வெளிய போறதே இல்லையே, உன் சாவி எதுக்கு?” என்று கேட்டேன். தானாகவே எடுத்துக் கொடுத்தாள். எங்கள் கதவுப் பூட்டை உள்ளேயிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்க முடியும். நான் கட்டாயப்படுத்தவில்லை.

லேப்டாப் வரவரக் கொதித்தது. கடையில் காட்டச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டாள். கூலிங் பேடையும் சேர்த்து. கடைக்காரர் பொறுமையான மனிதர். திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“பேட்டரி தலகாணி மாதிரி உப்பிக் கெடக்கும்மா. இத மாத்தாம ஆன் பண்ணவே கூடாது. தீப்பிடிச்சிரும். தங்கச்சிகிட்ட சொல்லிருங்க.”

பிறகு பேடைத் திருப்பினார். “ஒயர யாரோ வெட்டியிருக்காங்களே?”

“எலி.”

“எலி கத்தரி வச்சிருக்கு போல,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பேட்டரிக்குச் சொல்லிவைக்கட்டுமா, ஒயரைப் பற்றவைத்துத் தரட்டுமா என்று கேட்டார். பிறகு வருகிறேன் என்று சொல்லி இரண்டையும் வாங்கி வந்துவிட்டேன்.

“என்னக்கா சொன்னாரு?”

“தூசியாம் பாப்பா. தட்டிக் குடுத்துட்டாரு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். லேப்டாப் சரியாகிவிட்டால் அவளும் சரியாகிவிடுவாள். அவ்வளவுதான் காரணம். இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை.

ஆனால் மூன்றாவதாக வந்தவர்கள் பரீட்சையே வைக்கவில்லை. அவளுடைய பழைய படங்களைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கட்டிப்பிடித்துச் சொன்னாள். கண்ணாடியில் அவள் முகம் என் தோளுக்கு மேலே தெரிந்தது. யாரோ வேற்றுப் பெண் மாதிரி இருந்தாள்.

“இன்னிக்கு ஒரே ஒரு படம் முடிச்சுக் குடுக்கணும்க்கா. அதோட இங்கத்து வேலை முடிஞ்சுது. என் சாவியக் குடு, மத்தியானமா போய் ஒரு பெட்டி வாங்கிட்டு வந்துடறேன்.”

“சாயங்காலம் ரெண்டு பேரும் போலாம்.”

“அக்கா, சாவி.”

“சாயங்காலம்னு சொன்னேன்ல?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறி லேப்டாப்பைத் திறந்தாள். நீல விளக்கு எரிந்தது. நான் கதவைப் பூட்டினேன். ஜன்னலுக்குக் கம்பி ஏற்கெனவே இருந்தது.

மத்தியானம் கீழ் வீட்டு டிரைவர் போன் செய்தார். “அக்கா, உங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பொகையா வருது. பாப்பா கதவத் தட்டுது. சாவி எங்கக்கா?”

“எங்கிட்ட இருக்கு. வந்துட்டே இருக்கேன்.”

“கதவ ஒடச்சிரட்டுமா?”

“ஒடைக்காதீங்க. நான் வந்துடறேன்.”

அப்போது என் மிஷினில் ஒரு சட்டை இருந்தது. அதன் கையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் அடுத்து உட்காருகிறவளுக்குத் தொல்லை. பஸ்ஸில் போனேன். உட்கார இடம் கிடைத்தது. நான் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் கதவை உடைத்து அவளைப் படியில் கிடத்தியிருந்தார். சொன்ன பேச்சைக் கேட்காத மனிதர்.

கொல்ல நினைத்தாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். இல்லை, மேடம். அவள் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும். பேட்டரி தீப்பிடிக்கும் என்று தெரியுமா? தெரியும். அது அன்றைக்கே பிடிக்கும் என்று தெரியாது. கதவு பூட்டியிருந்ததும், சாவி என் பையில் இருந்ததும் தெரியும். புகை என்று டிரைவர் சொன்னதும் என் காதில் தெளிவாகவே விழுந்தது. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

சீக்கிரம் முடித்துக்கொண்டால் நல்லது. பார்வையாளர் நேரம் தாண்டிவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். அவளுடைய இரண்டு கைகளிலும் கட்டு. இனி பேனா பிடிப்பதே சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாடு ஊட்ட, தலை வார, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒருத்தி வேண்டும். கீழ் வீட்டு டிரைவரா வந்து செய்வார்?

தொண்டையில் குழாய் இருப்பதால் இப்போது பேச முடியாது. ஆனால் நேற்று நான் உள்ளே போய்க் கட்டிலருகில் நின்று “பாப்பா” என்றதும், அவளுடைய இதயத்துடிப்பைக் காட்டும் மிஷின் வேகவேகமாகக் கத்தத் தொடங்கிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? என்னைக் கண்ட சந்தோஷத்தில் என் தங்கைக்கு அப்படித்தான் படபடவென்று அடித்துக்கொள்ளும்.