வெள்ளிக் கிரகத்தில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரனுக்குப் பெரும்பாடுதான். கதவைத் திறந்தால் தாள் பறக்கும், அடைத்தால் ஆள் வேகும். கோவில்பட்டியில் பதினாலு வருஷமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். அதன் மாடியறையில் நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். பேனாவும் நல்ல பேனாவாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

சூதாட்டம் என்று ஏட்டையா எழுதியிருப்பது தவறு, சார். அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே கதையை நடத்துகிற விளையாட்டு. நான் கதை சொல்வேன். இக்கட்டு வரும்போது அவர்கள் பகடை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பார்த்து, தப்பித்தார்களா மாட்டினார்களா என்று நான் சொல்வேன். அவ்வளவுதான்.

கதை என் சொந்தக் கற்பனை. அறுபது வருஷத்துக்கு முந்திய பழைய பத்திரிகைகளில் படம் போட்டிருப்பார்கள்: இரண்டாயிரத்தில் வீட்டுக்கு வீடு பறக்கும் கார் நிற்கும், பொத்தானை அமுக்கினால் மழை பெய்யும், மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்வார்கள். இரண்டாயிரம் வந்து போய்விட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் இன்னும் பத்து நாளைக்கு ஒருதரம்தான் வருகிறது. நான் அந்தப் பழைய இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டேன். நாகலாபுரத்துக் கரிசல் காட்டிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பி வெள்ளிக் கிரகத்துக்குப் போகிறது. மூன்று வருஷமாக, ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை, போய்க்கொண்டே இருந்தோம்.

கப்பலில் மூன்று பேர். இசக்கிச்செல்வி கேப்டன்; வெளியே எம்.எஸ்சி. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சிராஜா இன்ஜினியர், வெளியே வெல்டிங் பட்டறையில் வேலை. கொம்பையா அண்ணாச்சி கப்பலின் டாக்டர்; வெளியே இடைசெவலில் ஐம்பது ஆடு வைத்திருந்தார். சனிக்கிழமை வரை ஆட்டுக்குப் புழு மருந்து ஊற்றுகிறவர், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து விண்வெளிக் காய்ச்சலைக் குணப்படுத்துவார். நாலு மணி நேரம் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் என்னை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

செல்விக்கு வேலை கிடைத்தால் எந்த ஊரில் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. கேப்டன் இல்லாமல் கப்பல் எப்படிப் போகும்? அவள் விண்ணப்பத்தை இரண்டு தடவையும் என் கடையில்தான் போட்டாள். எல்லாக் கட்டத்தையும் கவனமாக நிரப்பினேன், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அனுப்புகிற கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. நிரப்பியதைக் காட்டும் ப்ரிவியூவை அச்சடித்து, விண்ணப்பம் போய்விட்டது என்று கையில் கொடுத்தேன். ஹால் டிக்கெட் வராதபோது அவள் கீழே வந்து நின்றாள்.

“எனக்கு மட்டும் ஏன்ணே இப்படி ஆவுது?”

“சர்வர் கோளாறும்மா. அடுத்த வருஷம் பாப்போம்” என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகவே ஒரு விண்கல் மழையை வைத்தேன். அருமையாகச் சமாளித்தாள்.

பேச்சிராஜாவுக்கு எட்டயபுரத்தில் பெண் பார்த்தார்கள். யோகலட்சுமி என்று பெயர், நல்ல பிள்ளை என்றார்கள். கல்யாணமானதும் மாமனார் பட்டறையைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போய்விடுவதாகப் பேச்சு. பெண் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினேன். அதிகம் எழுதவில்லை, சார். பையனுக்கு வலிப்பு உண்டு என்று ஒரே வரி. நிச்சயம் நின்றுவிட்டது. அவன் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, “இங்க வந்தாத்தாம்ணே மனசு லேசாவுது” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி கொம்பையா அண்ணாச்சி விஷயம்.

அன்றைக்குத்தான் கப்பல் வெள்ளியில் இறங்க வேண்டிய நாள். வழக்கம்போல மூன்று பேர் போனையும் வாங்கிக் கீழே கல்லாவில் வைத்துப் பூட்டியிருந்தேன். நாலே முக்காலுக்கு அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“கோவாலு, நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு.”

“வாய்வா இருக்கும் அண்ணாச்சி. ஒரு சோடா குடிங்க.”

குடித்தார். செல்வி எழுந்துவிட்டாள். “கொம்பையா மாமாவுக்கு ஒரேயடியா வேர்க்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்.”

“நான் பைக்ல வச்சுக் கொண்டுபோறேன்” என்றான் பேச்சிராஜா.

“நெஞ்சு வலிக்காரரை பைக்ல உக்கார வைக்கக் கூடாதுலே. நான் போயி ஆட்டோ கூப்பிட்டு வாரேன்” என்றேன். அது நியாயமான பேச்சு. டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். சூடாக இருந்ததால் ஆற்றித்தான் குடிக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து, “ஆட்டோ கிளம்பிட்டாம், ரயில்வே கேட்ல நிக்குதாம்” என்றேன். “அது வாரதுக்குள்ள ஒரு உருட்டு உருட்டிருங்க அண்ணாச்சி. உங்களை நம்பித்தான் கப்பலே இருக்கு.”

அவர் உருட்டினார். ஆறு விழுந்தது. கப்பல் பூ மாதிரி இறங்கியது. வெள்ளியில் மழை பெய்துகொண்டிருக்கிறது, தரையெல்லாம் நம்மூர்க் கரிசல் மண், பருத்தி இடுப்பு உயரம் நிற்கிறது என்று விவரித்தேன். மூன்று வருஷமாக யோசித்து வைத்திருந்த வர்ணனை, அவசரப்படுத்த முடியாது. நான் சொல்லி முடிப்பதற்குள் செல்வி கீழே ஓடிவிட்டாள். கல்லாவைக் கல்லால் உடைத்துப் போனை எடுத்தாள். பக்கத்து முக்கில் நின்ற ஆட்டோவே இரண்டு நிமிஷத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில், அரை மணி நேரம் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள்.

நான் யாரிடமும் ஆட்டோ கேட்கவில்லை. அதை ஸ்டாண்டில் விசாரித்தவளும் செல்விதான். அப்புறம் என் கம்ப்யூட்டரையும் திறந்து பார்த்திருக்கிறாள். அனுப்பாத இரண்டு விண்ணப்பமும் அதில் அப்படியே இருந்தன. கடிதாசி எழுதியதை நானாகத்தான் சொல்கிறேன்.

பிணவறை வாசலில் அண்ணாச்சியின் மகள் செல்வமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா கடைசியா என்ன சொன்னாவ?” என்று கேட்டது. எல்லாரையும் பத்திரமா எறக்கிட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாவ என்றேன். அந்தப் பிள்ளை என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனது. செல்வி கீழே ஓடியதும் அவர் கடைசியாகக் கேட்டது, “ஆட்டோ வந்துட்டா கோவாலு?” என்பதுதான். வந்துட்டு அண்ணாச்சி என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கடைசி நேரத்தில் ஒரு மனிதருக்கு நம்பிக்கை கொடுக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கும், சார்?