கத்தரி அண்ணனின் நாற்காலி

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதல் நாளே பொருளைக் கேட்பதில்லை. முதல் நாள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். இரண்டாம் முறை, பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைப் பார்த்து, "இது எந்தக் காலத்துது?" என்று சும்மா கேட்டு வைப்பேன். மூன்றாம் முறை போகும்போது அவர்களே இறக்கித் துடைத்து வைத்திருப்பார்கள். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும், ஐயா. நான் அவசரக்காரன் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நாலு நாளில் எனக்கும் என் மனைவிக்கும் முட்டிக்கொள்ளும். நூலக மாடியில் இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தன. கேட்டு வாங்கி, 'ஊர் நினைவுக் கூடம்' என்று பலகை மாட்டினேன். ராஜா ராணி சாமான் எதுவும் அங்கே கிடையாது. ஒரு நர்ஸம்மா இருபது வருடம் தூக்கிச் சுமந்த சாப்பாட்டு டப்பா, மூக்கு உடைந்த மண்ணெண்ணெய் விளக்கு, பள்ளிக்கூட மணி, தபால்காரரின் தோல் பை, இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. யாருடையது, எப்போது, எங்கே என்று அதில் எழுதியிருப்பேன். சுவர் முழுக்க நான் கையால் வரைந்த பழைய ஊரின் வரைபடம். அதில் இடம் பார்த்து ஊசி குத்தாத பொருளை நான் காட்சிக்கு வைப்பதில்லை. இடம் தெரியாத பொருள் என்னைப் பொறுத்தவரை தட்டுமுட்டுச் சாமான்தான்.

அந்த வரைபடத்தில் ஒரு தப்பு இருந்தது. கடைத்தெருவை இடித்துச் சாலையை அகலமாக்குவதற்கு முன்னால் அந்த வரிசையைக் கடைசியாக அளந்தவன் நான். மூலையில் இருந்த விளக்குக் கம்பத்திலிருந்து அளவுச் சங்கிலி பிடித்தேன். முந்தின வாரம்தான் அந்தக் கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டிருந்தார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடக் கம்பத்தடி மண் புதுசா பழசா என்று குனிந்து பார்ப்பான். நான் பார்க்கவில்லை. விஷயம் தெரிய வந்தபோது கடைகள் எல்லாம் தரைமட்டம். எத்தனை அடி தள்ளி நட்டோம் என்று நட்டவர்களுக்கே நினைவில்லை. கடைக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். ஒருவர் தன் பெட்டிக்கடையை இப்போதைய சிக்னல் வரைக்கும் நீட்டிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். பதினெட்டு வருடமாக அந்த வரிசை முழுக்க என் வரைபடத்தில் இடம் மாறி நின்றது, என்னைத் தவிர யாருக்கும் தெரியாமல்.

கத்தரி அண்ணனுடைய சலூன் அந்த வரிசையில் மூன்றாவது கடை. முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து எனக்கு முடி வெட்டியவர் அவர்தான். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் போய் உட்காருவேன். "தம்பி, இனிமே உனக்குக் கத்தரி வேண்டாம், துணி போதும்" என்பார். கடை போனதும் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோய், முன்னறையில் கடையில் இருந்தபடியே வரிசையாக வைத்துக்கொண்டார். அவருடைய மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது கூப்பிடுவதில்லை.

மூன்று வருடமாக அண்ணனுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சாப்பிட்டதை மறந்தார், பிறகு மகளின் பெயரை மறந்தார். ஆனால் கையில் ஒரு சாமானைக் கொடுத்தால் ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிடுவார். கத்தி தீட்டும் தோல்வாரைக் கையில் கொடுத்தேன். பாலம் கட்ட வந்த இன்ஜினீயர் தினமும் விடிகாலையில் சவரத்துக்கு வந்ததை, அவர் கன்னத்து மச்சம் வரைக்கும் சொன்னார். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே வெள்ளம் வந்த வருடத்தைச் சொன்னார், தண்ணீர் கண்ணாடியின் எந்த மூலை வரை ஏறியது என்று விரலை வைத்துக் காட்டினார். ஊரே மறந்துபோனது அவர் கையில் இருந்தது. நான் பதிவு செய்தேன். பதிவு செய்த பொருளைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். பொருள் போனதும் அதன் கதையும் அவரிடமிருந்து போய்விடும். அடுத்த வாரம் இன்ஜினீயரைப் பற்றிக் கேட்டால், "யாரு தம்பி அது?" என்பார்.

இதை நான் இரண்டாவது பொருளிலேயே கவனித்துவிட்டேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எப்படியும் எல்லாம் போகத்தான் போகிறது, போவதற்குள் எடுத்து வைத்தால் ஊருக்காவது மிஞ்சும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தோல்வார், கண்ணாடி, தண்ணீர் தெளிக்கும் குப்பி, சீப்புப் பெட்டி என்று ஏழு மாதத்தில் முன்னறை காலியானது. நாற்காலி ஒன்றுதான் மிச்சம்.

நாற்காலிக்கு மட்டும் மகள் சம்மதிக்கவில்லை. "அது இருக்கட்டும் சித்தப்பா. காலைல எழுந்ததும் அதுக்குப் பின்னாடி போய் நின்னாத்தான் அவருக்கு இது நம்ம வீடுன்னு தெரியுது" என்றாள்.

"ஒரே மாசம்மா. கூடத்தோட திறப்பு விழா முடிஞ்சதும் நானே கொண்டுவந்து போட்டுடறேன்" என்றேன். என் பேச்சை அவள் நம்பினாள். சின்ன வயதில் அவளை நான் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

நாற்காலி கூடத்துக்கு வந்த மறுநாளே அண்ணன் வீட்டைவிட்டு வெளியே நடக்க ஆரம்பித்தார். கடை திறக்க வேண்டும் என்பாராம். மகள் வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பக்கத்து வீட்டு அம்மா, அவர் உள்ளே கதவைத் தட்டிக்கொண்டே அழுவதாகச் சொன்னார்களாம். அவள் மூன்று முறை என்னிடம் வந்து நாற்காலியைக் கேட்டாள். வார்னிஷ் காயவில்லை என்றேன். மூன்றாம் முறை அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம் விழா இல்லை. நாற்காலிக்கும் அந்தக் கடையின் மற்ற சாமான்களுக்கும் இன்னும் ஊசி குத்தவில்லை. எங்கே குத்துவது என்று எனக்குத் தெரியாது.

அன்று காலை பத்து மணிக்கு நூலக வாசலில் அண்ணன் நின்றார். பின்கதவு வழியாக எப்படியோ வெளியேறியிருக்கிறார். சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டியிருந்தார். "கடை திறக்கணும் தம்பி, நேரமாச்சு. வழி தெரியல" என்றார். மகள் வேலை பார்க்கும் மருந்துக் கடை அங்கிருந்து இரண்டாவது தெரு. என் சட்டைப்பையில் போன் இருந்தது. அவளுடைய எண்ணும் அதில் இருந்தது.

நான் அவரை மாடிக்கு அழைத்துப்போனேன். யாரும் தொடாமலிருக்கச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, நாற்காலியின் முதுகில் அவருடைய இரண்டு கையையும் எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றார். முதுகு நிமிர்ந்தது. என் தலையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "இது ஏன் இங்க கிடக்குது? கடையில இல்ல இருக்கணும்?" என்றார்.

"ஆமாண்ணே. கடை எங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க முன்னால நடங்க" என்றேன்.

அவர் நடந்தார், ஐயா. வழி கேட்டு வந்த மனிதர் ஒரு திருப்பத்தில்கூடத் தயங்கவில்லை. இல்லாமல் போன சந்துக்காக ஒதுங்கினார், இல்லாத சாக்கடையைத் தாண்டிக் கால் வைத்தார். பதினெட்டு வருடமாக எந்தத் தாளிலும் கிடைக்காதது அந்தக் காலில் இருந்தது. ஒரு வார்த்தை பேசினால் கலைந்துவிடும் என்று நாலடி பின்னாலேயே போனேன். சாலை வந்தது. இடிக்காமல் விட்ட பழைய வங்கிச் சுவரின் மூலையில் நின்று, வலப்பக்கம் திரும்பி, நடைபாதையைவிட்டு இறங்கினார்.

முதல் நாள் ஸ்டேஷனில் உங்களிடம், அவர் என் கையை உதறிவிட்டு ஓடினார் என்று சொன்னேன். அவர் ஓடவில்லை. நான் கையைப் பிடித்திருக்கவும் இல்லை. நிதானமாகத்தான் நடந்தார், கடை திறக்கப் போகிறவர் நடக்கிற மாதிரி. நடுச்சாலையில் நின்று, குனிந்து, இரண்டு கையாலும் ஷட்டரைத் தூக்கினார். லாரி டிரைவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

அன்று சாயங்காலம், உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்னால், நான் கூடத்துக்குப் போய் அந்த வரிசையை அழித்துத் திரும்ப வரைந்தேன். பதினான்கு அடி பிசகியிருந்தது. மூன்றாவது கடையில் ஊசியைக் குத்தினேன். நாற்காலியை மறுநாள் ஆள் வைத்து அனுப்பினேன், அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கூப்பிடலையா சித்தப்பா? ஒரு தடவ கூப்பிட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பாரே." நான் அழுதுகொண்டே, பயத்தில் வாய் அடைத்துப்போய்விட்டது என்றேன். உங்கள் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. அதை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவர் மூலையிலிருந்து ஷட்டர் வரைக்கும் அவர் எடுத்து வைத்தது பதினோரு எட்டு. நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.