கரையடி ஈரம்

— அங்கனயே நில்லு ரீட்டா, கால வைக்காத!

— ஏன், பாம்பா?

— பாம்புன்னா ஒன்னைய எதுக்கு நிறுத்தப் போறேன்? ஒன்னையப் பாத்தா அதுவே ஓடிப்போகும்.

— காப்பி கொண்டாந்தவளுக்கு நல்ல மரியாத. திருப்பிக் கொண்டு போயிரவா?

— தூக்குச்சட்டிய அந்தக் கல்லு மேல வச்சிட்டுக் கரையடியப் பாரு.

— ...ஈரமா இருக்கு.

— எம்புட்டு?

— ஒரு பாய் விரிச்ச அகலம் இருக்கும். ராத்திரி மழை பேஞ்சுச்சோ?

— தை மாசத்துல ஏது மழை? நீ முத்தத்துல போட்ட வத்தல் காஞ்சுதான கெடக்கு.

— அப்ப பனியா இருக்கும்.

— பனி இங்கன மட்டும் பாய் விரிச்சுப் படுக்குமா? பதினேழு வருசமா இந்த அணைக்கு லஸ்கரா, ஷட்டரும் கரையும் காவல் காத்துக்கிட்டு இருக்கேன். மண் அணைக்குப் பின்பக்கம் ஈரம் தெரிஞ்சா என்ன அர்த்தம்?

— உள்ள நிக்கிற தண்ணி கரையக் கொடஞ்சுக்கிட்டு வருதுன்னு... ஆத்தாடி!

— மெதுவா, மெதுவா.

— இன்ஜினியர் சாருக்குச் சொல்லிட்டீகளா?

— இன்னும் இல்ல.

— ஏங்க?

— சொன்ன நிமிசமே ஷட்டரத் தூக்கச் சொல்லுவாரு. நாப்பத்தெட்டு அடித் தண்ணிய முப்பதுக்கு எறக்கிட்டுத்தான் மத்த பேச்சு.

— முப்பதுக்கா? கீழ நடவு முடிஞ்சு பதினஞ்சு நாளுகூட ஆகலையே. மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் அணை ரொம்பியிருக்கு.

— அதத்தான் ஒரு மணி நேரமா நெனச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— உமர் பாருக் அண்ணன் நடவு முடிஞ்ச கையோட நமக்குப் பிரியாணி கொண்டாந்து குடுத்தாகளே... 'பத்து ஏக்கரு நட்டுட்டேன் தம்பி, இனிமே எல்லாம் ஒன் அணை கையில'ன்னு...

— அந்தப் பிரியாணிக் கடன எப்பிடித் தீக்கப் போறேன்னுதான் தெரியல.

— அதுக்காக மறைக்க முடியுமா? கார்த்திகையில அம்புட்டு வெள்ளத்தையும் இந்தக் கரைதான தாங்குச்சு. இது போச்சுன்னா வயலு மட்டுமா போகும்? கீழ எத்தன வீடு இருக்கு?

— மறைப்பேன்னு யாரு சொன்னா? எட்டு மணிக்கு அவரே போன் போடுவாரு. சொல்லிருவேன். அதுக்குள்ள ஒருக்கா நல்லாப் பாத்துருவோம்னுதான்...

— தண்ணி கலங்கலா வருதா, தெளிவா வருதா? கலங்கலா வந்தாத்தான மண்ண அரிக்குதுன்னு சொல்லுவீக?

— பரவாயில்லையே! லஸ்கர் வேலைக்கு நீயே மனுப் போட்டிருக்கலாம்.

— பதினேழு வருசமா சோத்தோட சேத்து இதத்தான கேக்குறேன். சொல்லுங்க.

— ஓடவே இல்ல. சும்மா ஊறிப்போயிக் கெடக்கு. கரையில வழக்கமாக் கசியுற தண்ணி போற வாய்க்கால்ல அளந்தேன், அதே பழைய அளவுதான். எலி வளை, நண்டு வளை எல்லாம் தேடிட்டேன். ஒண்ணும் இல்ல. அதான் மண்ட காயுது.

— ...ஏங்க.

— ம்.

— ஒண்ணு சொன்னா வைய மாட்டீகளே?

— வைய மாட்டேன்னு சொல்லிச் சொல்லித்தான எல்லாத்துக்கும் வையிறேன். சொல்லு.

— அந்த எருக்கஞ்செடிய வெலக்கிப் பாருங்க.

— எதுக்கு?

— பாருங்கன்னா...

— இது என்னடி, கன்னு?

— சாம்பக்கா கன்னு, அந்தக் கேரளாப் பழமரம். நம்ம மக அனிதா மேரி கோட்டயத்துல இருந்து கிறிஸ்மஸுக்கு வந்தப்பக் கொண்டாந்தாளே.

— ஓடையில வீசிட்டேன்னு சொன்ன?

— நீங்கதான வீசச் சொன்னீக? 'மண் அணையில மரம் வைக்கக் கூடாது, வேரு போற வழியில தண்ணி போகும்'னு சாமியாரு மாதிரி பிரசங்கம் வேற. நம்ம குவாட்டர்ஸ் வாசல்ல பூராம் பாறை, கடப்பாறையே எறங்கல. பிள்ள நர்ஸு வேலைக்குப் போயி மொதச் சம்பளத்துல வாங்குனது... 'செவசெவன்னு காய்க்கும்மா, நான் வரும்போது பறிச்சுத் தா'ன்னு சொல்லிட்டுப் போச்சு. வீச மனசு வரலைங்க.

— அதுக்காகக் கரையிலயே வச்சிட்ட. லஸ்கர் பொண்டாட்டி!

— கரை மேல வைக்கல. அடியில, ஓரமாத்தான்...

— அடியும் கரைதாண்டி! பொங்கலுக்கு முந்தி நம்ம ஊரு சுருளிராஜன் இதே கரையில நட்ட முருங்கைக் கொம்பப் புடுங்கி எறிஞ்சேன். ஊரே பாத்துச்சு.

— தெரியும். அவரு வீட்டம்மா இன்னமும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

— தண்ணி ஊத்துறியா?

— தெனம் விடியக்காலம். நீங்க மேல நீர்மட்டம் பாக்கப் போன பெறகு, ஒரு குடம்.

— ஒரு குடமா? நல்லா யோசி. ரெண்டு, மூணு?

— மாதா மேல சத்தியமா ஒண்ணுதான். அந்த ஈரமாத்தான் இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன்... ஆனா ஒரு குடத்துக்கு இம்புட்டு ஊறாதேங்க! முழம் அகலம் நனையும், மதியத்துக்குள்ள காஞ்சிரும். மிச்சம் எங்கிட்டு இருந்து வருது?

— ஒரு குடம்... அம்புட்டுத்தானா?

— என்ன சிரிக்கிறீக?

— யாரு சிரிச்சா?

— மீசை ஆடுது. எனக்கு இங்கன உசுரே இல்ல. மொதல்ல போனப் போடுங்க. எம் பேரச் சொன்னாலும் சரி, வீட்டக் காலி பண்ணச் சொன்னாலும் சரி. பாருக் அண்ணன் பயிரு போனாலும் போகுது, கீழ நாலு உசுரு...

— இரு, அவரே கூப்புடுறாரு. ...வணக்கம் சார், பெனடிக்ட்தான் சார். ...நாப்பத்தெட்டு அடி சார். ...கசிவு அதே அளவு. ...சார், கரையடியில ஒரு எடத்துல ஈரம் கண்டேன். ...இல்ல சார், இல்ல. யாரோ கன்னு வச்சுத் தண்ணி ஊத்தியிருக்காக. ...இப்பவே தோண்டி எடுத்துருவேன் சார். ...வாங்க சார், மதியம் ரெண்டு மணிக்கு நீங்களே பாருங்க. காயலைன்னா ஒங்க முன்னாடியே ஷட்டரத் தூக்குறேன். ...அதுவரைக்கும் இங்கன இருந்து அசைய மாட்டேன் சார். ...சரிங்க சார்.

— 'யாரோ'வா?

— கட்டுனவளக் காட்டிக் குடுக்கவா?

— காட்டிக் குடுங்க! காயும்னு எந்த தைரியத்துல சொல்றீக? நான் ஊத்துனது முழம் அகலந்தான்னு சொல்றேன்ல?

— காப்பிய ஊத்து, ஆறிப்போச்சு.

— காப்பி கேக்குதாக்கும்!

— குடிச்சிட்டுக் கன்ன வேரு மண்ணோட அலுங்காம எடுப்போம். பாருக் அண்ணன் தோட்டத்துல வாய்க்கா ஓரமா வச்சா ரெண்டே வருசத்துல காய்க்கும். பிள்ள வந்து அங்கன பறிக்கட்டும்.

— கன்னு கெடக்கட்டும். நீங்க அணைய விட்டுக் குடுக்குற ஆளு இல்ல, அது எனக்குத் தெரியும். எத வச்சு இம்புட்டு நிம்மதியா நிக்கிறீக? அத மட்டும் சொல்லுங்க.

— அது வந்து...

— எது வந்து?

— போன வாரம் முள்ளு வெட்டுறப்பவே பாத்துட்டேன். புடுங்கத்தான் குனிஞ்சேன். ரெண்டு தளிரு விட்டிருந்துச்சு... கை வரல. நட்டவ எனக்குப் பயந்துக்கிட்டு இந்தப் பக்கமே வர்றதில்ல போல, காஞ்சு போயிருமேன்னு தெனம் பொழுது சாய நானும் ஒரு குடம் ஊத்துனேன்டி. என் ஒரு குடத்துக்கு ஏது இம்புட்டு ஈரம்னுதான் காலையில இந்தப் பக்கம் வந்ததும் மெரண்டேன்; ஒன் குடம் இப்பத்தான தெரியுது?