ஒரே மேஜைக்கு ரெண்டு பேர்

— செருப்ப அப்புறம் மாட்டுங்க அண்ணி. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்.

— சாப்பிட்டாச்சு. உனக்கும் மூடி வச்சிருக்கேன். உங்கம்மாவத் துடைச்சு, துணி மாத்தி, இடது பக்கமாப் படுக்க வச்சிருக்கேன். முதுகுப் புண்ணு இப்பத்தான் கொஞ்சம் காயுது. நீ பாட்டுக்கு மல்லாக்கத் திருப்பிடாதே.

— சரி அண்ணி.

— என்னடி, சரிங்கறே? மத்த நாள்னா எங்கம்மாவ எனக்குப் பாத்துக்கத் தெரியாதான்னு சண்டைக்கு வருவியே. இஸ்திரிச் சூட்டுல வாயும் மடிஞ்சுபோச்சா?

— வெயில் கொளுத்துது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போகலாம்ல.

— அடியம்மா, நான் இங்க உக்காந்தா அங்க லாண்டரியில இஸ்திரி மேஜை காலியா நிக்கும். ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கும். காலைல நீ, மத்தியானம் நான்னு இத்தனை வருஷமா ஒரு நாள் தப்பியிருக்கோமா? வழிய விடு.

— இன்னிக்குப் போக வேண்டாம் அண்ணி.

— ஏன், பாய்லர் மறுபடியும் படுத்துடுச்சா?

— பாய்லர் நல்லாத்தான் இருக்கு.

— அப்புறம் எதுக்குக் கதவுல சாஞ்சுக்கிட்டு நிக்கறே? பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?

— அவ பள்ளிக்கூடம் போயிட்டா. முதலாளி காலைல என்னைத் தனியாக் கூப்பிட்டாரு.

— கூப்பிட்டுட்டாரா? நல்லதாப் போச்சு. என்ன சொன்னாரு?

— குறைஞ்சபட்சக் கூலிய அரசாங்கம் ஏத்திடுச்சுல்ல, அது விஷயமாத்தான். ஏத்தினத நான் கொடுத்தே ஆகணும், கொடுக்கறேன், ஆனா ஒரு மேஜைக்கு ரெண்டு அரைநேரக்காரிங்கள வச்சுக்க எனக்குக் கட்டுப்படியாகாதுன்னாரு. ஆளுக்கு ஒரு சீருடை, ஆளுக்கு ஒரு காப்பீடுன்னு அடுக்கிக்கிட்டே போனாரு. இனிமே ஒரு மேஜைக்கு ஒரு ஆளுதானாம், முழு நாளும்.

— அந்த உத்தரவச் சுவத்துல ஒட்டின அன்னிக்கு நீதான் ஸ்டூல் மேல ஏறி நின்னு எல்லாருக்கும் படிச்சுக் காட்டினே. நானும் கை தட்டினேன்.

— அத நெனைச்சாத்தான் வெக்கமா இருக்கு. இனிமே நம்ம கையும் கொஞ்சம் தாராளமா இருக்கும்னு நம்பினேன். கடைசில நம்மள மாதிரி அரைநேரக்காரிங்க தலையிலதான் விடியும்னு யாருக்குத் தெரியும்? சலவை மெஷின்ல நிக்கற ஆம்பளைங்க ஒருத்தரையும் அவரு கூப்பிடல.

— அவங்கெல்லாம் முழுநேரம்டி. சரி, உன்னை என்ன கேட்டாரு?

— நீயா, உங்க அண்ணியா, இப்பவே சொல்லுன்னாரு.

— நீ சரியாத்தான் சொல்லியிருப்பே. சொல்லு.

— யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிக்கறதுன்னா வாசலுக்கு வெளிய போய் நின்னு யோசி, உன்னை மாதிரி ஆளு எனக்கு எத்தனை வேணும்னாலும் கிடைக்கும்னாரு.

— அவரு பேச்சு என்னிக்கும் அப்படித்தான். நீ என்ன சொன்னே?

— நான் இருக்கறேன்னேன்.

— நீ மட்டுமா?

— நான் மட்டும். திட்டறதுன்னா திட்டுங்க அண்ணி.

— உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? உனக்குப் புருஷன்னு ஒருத்தன் இருந்தும் இல்ல. ஒத்தையாளா ஒரு பொண்ண வளக்கறே. பயத்துல சொல்லிட்டே.

— அதோட நிக்கல.

— இன்னும் என்ன?

— உங்கண்ணி சும்மா விடமாட்டாங்களே, நிறுத்திட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்களேன்னு இழுத்தாரு. அவங்களே விலகிக்கறேன்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். வீட்டுல இருந்து எங்கம்மாவப் பாத்துக்கறதுதான் அவங்களுக்கு இஷ்டம், வேலையில மனசே இல்லைன்னு சொன்னேன்.

— இஷ்டம்னா சொன்னே?

— பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன். அவரு மொகம் அப்படியே மலந்துபோச்சு. அப்புறம் நின்னு என்னத்தத் தேச்சேன்னே தெரியல. ஒரு தலையணை உறையக் கருக்கிட்டேன்.

— நீயா கருக்கினே? சூடு பாக்க எனக்குக் கத்துக் கொடுத்தவளாச்சே.

— அண்ணன் சம்பளம் வருது, உங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன் அண்ணி. வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தேன்.

— உங்கண்ணன் சம்பளம் உங்கண்ணனோடது. சோப்பு தீந்துபோச்சுன்னா போன சோப்பு என்னாச்சுன்னு கேக்கற மனுஷன். காச விடு. காலைலேர்ந்து இந்த ரூம்ல மூத்திர வாடையில இருக்கேன். உங்கம்மா திட்டற திட்டெல்லாம் வாங்கிக்கறேன், நோயாளி பேச்சு, அதுல எனக்குக் கோபமில்ல. ஆனா மத்தியானம் போய் அந்த ஆவிக்கு நடுவுல நிக்கும்போதுதான் எனக்கு மூச்சே வருது. துணி மடிக்கறவ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பா. அங்க யாரும் என்னை 'ஏய்'னு கூப்பிடறதில்ல. அந்தப் பாதி நாள்தான்டி என்னோடது.

— தெரியும். தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டேன். என் கன்னத்துல நாலு விடுங்க, வாங்கிக்கறேன்.

— விட்டா என் கைதான் வலிக்கும்.

— இப்பவே ஓடிப்போய் உண்மையச் சொல்லிடறேன். நான் விலகிக்கறேன், நீங்க இருங்க.

— அவருக்கு வேண்டியது கெடச்சாச்சு. இனி நீ உண்மையச் சொன்னாலும் அவரு காதுல ஏறாது. நேத்து சாயங்காலம் என்னையும் கூப்பிட்டாரு.

— உங்களையுமா?

— அதே கேள்விதான், நீயா உன் நாத்தனாரான்னு. ரெண்டு பேரும்தான்னேன். கூலி ஏறினதக் காட்டி யாரையும் நிறுத்தக்கூடாது, தானா விலகினாத்தான் உண்டுன்னு அந்த உத்தரவுலயே கீழ போட்டிருக்கு. நீ அது வரைக்கும் படிக்கல, நான் அப்புறமா நின்னு படிச்சேன். அதச் சொன்னேன். ரொம்ப நேரம் மொறைச்சாரு. அப்புறம், ரெண்டு பேரும் ஒரே பேச்சா நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, இருந்துட்டுப் போங்கன்னுட்டாரு.

— ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?

— வந்து பாத்தா நீ பொண்ணக் கூப்பிட்டுக்கிட்டு உன் வீட்டுக்குப் போயிட்டே. போன்ல சொல்லியிருக்கலாம். உனக்குப் போய் சொல்லிக் கொடுக்கணுமான்னு விட்டுட்டேன்.

— ரெண்டு பேரும் இருக்கலாம்னு ஒத்துக்கிட்டவரு, காலைல ஏன் மறுபடியும் என்னைக் கேட்டாரு?

— நான்தான் கேக்கச் சொன்னேன். என் பேச்சுல சந்தேகம்னா அவளையும் கேட்டுக்கோங்க, அவளும் இதையேதான் சொல்லுவான்னு.