இருமலுக்கு விலை பேசியவன்

சீவலப்பேரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த சந்தோஷம் எனக்கு. மருமகள் கேட்ட பலாப்பழம் காலடியில் மணத்துக்கொண்டிருந்தது. முன் சீட்டில் பீடி சுற்றும் பெண்கள் இரண்டு பேர். இளையவள் திடீரென்று தன் அண்ணியிடம் சொன்னாள்:

"மைனி, பீடிக் கம்பெனிக்காரன் என் இருமலுக்கு விலை பேசுதான்!"

பலாப்பழத்தை மறந்தேன்.

"என்னட்டி சொல்லுத?"

"எம் மவ காலேஜுல ஆராய்ச்சி பண்ணுதால்லா, பீடி சுத்துதவளுக்கு எதனால இருமி மூச்சு வாங்குதுன்னு? இவன் வந்து, செலவு பூரா நாங்க தாரோம், ஆனா எழுதினத எங்ககிட்ட காட்டி, நாங்க சரின்னாத்தான் வெளிய விடணும்ங்கான்."

"அவ என்ன சொன்னா?"

"அவ வாயத் தொறக்குமுன்ன நான் கேட்டுட்டேன். 'அண்ணாச்சி, நான் சுத்துன பீடிய நானே பாத்து நல்லதுன்னா எடுத்துக்கிடுவீயளா? உங்க ஆளு கட்டப் பிரிச்சுப் பாத்து, பாதியக் கழிச்சுல்லா போடுதான்! உங்க புகையிலைய மட்டும் நீங்களே பாத்து நல்லதும்பீயளோ'ன்னு!"

மைனி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் குரல் இறங்கியது.

"இனி உனக்கு பீடி சுத்த இலையும் தூளும் தரலன்னா என்னட்டி செய்வ?"

"தரமாட்டேன்னுதான் சொல்லிட்டுப் போயிருக்கான். போனாப் போறான். எம் மவ எழுதட்டும் மைனி."

நான் இறங்கவேண்டிய பாளையங்கோட்டை எப்போதோ போய்விட்டது. யார் இறங்குவார், இப்போது?

"அப்ப அவள நாளைக்கு எங்க வீட்டுக்கும் வரச்சொல்லு," என்றாள் மைனி. "என் இருமலையும் எழுதிக்கிடட்டும்."