திரையில்லாத ஜன்னல்

— மெதுவா, லீலா, மெதுவா! விலா எலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா கத்துது. தலகாணியை இப்படியா சொருகுறது?

— கத்தட்டும். அன்னைக்கு சமையக்கட்டு வாசல்ல பேச்சு மூச்சில்லாம கிடந்தப்போ ஒண்ணும் கத்தலையே. அசையாம உக்காருங்க. நான் ஸ்டூல்ல ஏறித் திரையை மாட்டணும்.

— திரையா? என்னைக் கேக்காம வாங்கிட்டியா?

— கேட்டா வேணாம்பீங்க. இருபது வருஷமா அதானே சொல்றீங்க.

— லீலா, இந்தப் பக்கம்தான் கொஞ்சம் காத்து வருது. அதையும் அடைச்சிட்டா நான் எங்க போவேன்? ஜூரோங் கப்பல் பட்டறையில, டேங்குக்குள்ள, ஓவரால் உடுப்பை மாட்டிக்கிட்டு, வெல்டிங் சூட்டுல நாள் முழுக்க வேகுறேன். வீட்டுக்கு வந்தும் உடம்புல துணி ஒட்டணுமா?

— அதுக்காக அம்மணமா நடக்குறதா?

— துண்டு இருந்துச்சுல்ல?

— தோள்ல இருந்துச்சு.

— சரி, அது என் தப்புதான். இடத்தை மாத்திப் போட்டுட்டேன்.

— போலீஸ்காரர் வந்து என்ன சொல்லிட்டுப் போனார்?

— “மிஸ்டர் ராமசாமி, வீட்டுக்குள்ள எப்படி வேணும்னாலும் இருங்க, வெளிய தெரிஞ்சா குத்தம்.” அதானே? என் வீடு, என் வேர்வை, என் தொப்பை. இந்த கவர்மெண்ட் வீட்டை வாங்கித் தொண்ணூத்தொம்பது வருஷ லீஸுக்குக் கையெழுத்துப் போட்டப்போ ஒருத்தனும் சொல்லலை, தொப்பை லீஸ்ல சேராதுன்னு.

— இன்னொரு புகார் போச்சுன்னா கோர்ட்டுதான். ஜட்ஜு முன்னாடி நின்னு உங்க தொப்பைக்கு வாதாடுவீங்களா? செங்காங்ல நம்ம சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியோட போறது?

— அந்தப் புகார் குடுத்தவன் மட்டும் கையில கிடைச்சான்… லீலா, யோசிச்சுப் பாரு. பழைய டேங்கர் மாதிரி உடம்பு. அடியெல்லாம் பாசி, மேலெல்லாம் துரு. இதைக் கண்ணெடுத்துப் பார்த்து, ஃபோனைப் போட்டு, போலீஸைக் கூப்பிட்டிருக்கான்னா அவனுக்கு எவ்வளவு பொழுது இருந்திருக்கணும்!

— பக்கத்து வீட்டு ரமீஸும் மனுஷன்தானே? நான் சிராங்கூன் ரோட்டுக்குப் பூ வாங்கப் போயிருந்த நேரம். நின்னு போன நெஞ்சை அமுக்கி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு உங்க உசுரைக் காப்பாத்தினான். அவனும் அயல்வீடு, இவனும் அயல்வீடு.

— அதுக்குத்தான் ஒரு டப்பா லட்டு அனுப்பினேனே. ரெண்டு எலும்பை விரிசல் விட்டவனுக்கு யாராச்சும் லட்டு குடுப்பானா? நான் குடுத்தேன்.

— கேட்டுல யாரோ நிக்கிறாங்க. கைலியைச் சரியா கட்டுங்க.

— இந்தா, கட்டிட்டேன். ஆஸ்பத்திரியில குடுத்து விட்ட கைலி நல்ல துணி லா. கவர்மெண்ட் என்னைத் திட்டவும் செய்யுது, உடுத்தவும் குடுக்குது.

— லீலாம்மாவா? நான் மைமூன். எதிர் ப்ளாக், இதே மாடி. அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாகன்னு கேள்விப்பட்டேன். கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்தேன்.

— உள்ள வாங்கக்கா. அந்த நாற்காலியில உக்காருங்க. நான் இந்தக் கொக்கியை மட்டும் மாட்டிட்டு இறங்கிடுறேன்.

— எதிர் ப்ளாக்கா? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எம் மேல புகார் குடுத்த அந்தப் புண்ணியவான் யாருக்கா?

— நான்தாண்ணே.

— ஆ! எலும்பு! லீலா, எலும்பு!

— நீங்களா? எங்க வீட்டு வாசலுக்குப் போலீஸை வரவச்சுட்டு இப்பக் கஞ்சியா?

— கோவப்படாதீக, லீலாம்மா. எங்க மக ருக்சார் பரீட்சைக்குப் படிக்கிற மேசை அந்த ஜன்னலோரம்தான். புள்ள தலையை நிமிர்த்தினா நேரா அண்ணன். நான் எத்தனை தடவை கையாட்டிச் சொன்னேன்! அவுகளும் திருப்பிக் கையாட்டுனாக.

— அது நீங்கதானா? வணக்கம் சொல்றாங்கன்னு நினைச்சேன்.

— நினைப்பீங்க. சிரிச்சுக்கிட்டே ஆட்டியிருப்பீங்க.

— அக்கா, புகாரோட விட்டிருக்கலாம். இப்ப நேர்ல வேற வந்து எதுக்கு…

— அன்னைக்கு ஜன்னல் கம்புல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். போலீஸ் சொன்னதைக் கேட்டாகளா, திரை போட்டாகளான்னு பாக்கத்தான் நிமிர்ந்தேன். போடலை. உங்க சமையக்கட்டு வாசல்ல ரெண்டு கால் மட்டும் நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. அசையவே இல்லை. கையில இருந்ததோட ஓடியாந்தேன். நல்லவேளை, உங்க கேட்டு பூட்டலை. ஆம்புலன்ஸுக்கு அடிச்சேன், ஃபோன்ல ஒரு தம்பி எண்ணிக்கிட்டே இருந்துச்சு, நான் நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருந்தேன். எலும்பு நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. நிறுத்தாதீங்கன்னுச்சு, நிறுத்தலை.

— அப்போ… ரமீஸ்?

— ஆம்புலன்ஸ்காரங்க வந்ததும் நான் ஒதுங்கிட்டேன், அந்தப் புள்ள அவுகளுக்காக லிஃப்டைப் பிடிச்சு வச்சிருந்துச்சு.

— லிஃப்டைப் பிடிச்சதுக்கா ஒரு டப்பா லட்டு! வாங்கிக்கிட்டு வாயே திறக்கலையே, லீலா!

— லட்டு வாயில இருந்தா எப்படித் திறப்பான்? அக்கா, நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. இந்தத் திரையை இப்பவே முழுசா இழுத்து மூடிடுறேன். இனிமே உங்க புள்ளைக்குத் தொந்தரவு இருக்காது.

— முழுசா வேணாம், லீலாம்மா. கீழ்ப்பாதிக்கு மட்டும் போடுங்க. அண்ணன் தலை தெரியட்டும். தலைக்குச் சட்டத்துல தடை இல்லை.

— ஏன்க்கா? நேத்து வரைக்கும் மூடு மூடுன்னீங்க.

— எங்க ஊட்டுக்காரர் விழுந்தப்போ எங்க ஜன்னல்ல திரை போட்டிருந்துச்சு, அண்ணே. நான் வேலைக்குப் போயிருந்தேன். யாரும் பாக்கலை.

— லீலா, ஸ்டூலை விட்டு இறங்கு. கீழ்ப்பாதிக்கு மட்டும் வெட்டு… மைமூன்க்கா, நான் ஒரு மடையன். உங்களை இத்தனை நாளா வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டு இருந்தேன். இதுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க. எதுன்னாலும் செய்றேன்.

— ஒண்ணும் வேணாண்ணே. நான் ஓடியாந்தப்போ கையில இருந்தது, நீங்க கிடந்த கோலத்துக்கு உங்க மேல போர்த்துனது, இப்ப நீங்க கட்டியிருக்குறது, எல்லாம் எங்க ஊட்டுக்காரரோட அந்த ஒரு கைலிதான். வருஷா வருஷம் ஒருக்கா துவைச்சு வைப்பேன். இப்பவே அவுத்துடாதீக. ஆனா நீங்க எனக்கு ஒரு கைலி பாக்கி, மறந்துடாதீக.