ஒரு தட்டுன்னா ஆமா

இன்னும் கொஞ்சம் குனி. அப்படித்தான். போர்வையைத் தூக்காதடி, ஆவியெல்லாம் வெளிய போயிடும். உஷ், பேசாத! டாக்டர் என்ன சொன்னாரு? கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதுன்னாரு இல்ல? கிண்ணத்துல விரலால தட்டு, போதும். ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்லை. சூடு தாங்குதா? சமத்து. அடேயப்பா, இந்த வீட்டுல குறுக்க யாரும் பேசாம நான் பேசி எவ்வளவு காலமாச்சு! நம்ம வீட்டு ரேடியோ ரிப்பேரானதுல ஒரு நல்லதும் இருக்கு.

சும்மா இருக்கற நேரத்துல அந்த விசாரணையை முடிச்சுடலாமா? அதான்டி, புது வருஷத்தன்னிக்கு எல்லாரும் கேக்கைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு சபதம் போட்டீங்களே. ஜனவரி முடியறதுக்குள்ள யார் எங்க நிக்கறாங்கன்னு அக்கா கேக்கணும்னு நீதானே சொன்ன? சபதம் போட நீங்க, பிரம்பு தூக்க நான். சரி, கேக்கறேன்.

அம்மா. இனிமே யாரையும் குறை சொல்ல மாட்டேன்னாங்க. மறுநாள் பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே, பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடற லட்சணத்தைப் பாருன்னு ஆரம்பிச்சாச்சு. கேட்டா அது குறை இல்லையாம், கவலையாம்.

அடுத்து நம்ம தம்பி. உடம்பைத் தேத்தறேன்னு இரும்புக் குண்டு வாங்கினான் பாரு, அது இப்ப பாத்ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்குது. அப்பாவைத் துடைக்கத் தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் நான் காலால நகர்த்தறேன். அவனைவிட எனக்குத்தான் கால்ல சதை ஏறியிருக்கு. சிரிக்காத, சுடுதண்ணி சிந்தும்.

அப்பாவும் ஒரு சபதம் போட்டாரே, கவனிச்சியா? ரெண்டு தட்டு. ம். பக்கவாதத்துல வாய் கோணிப் போனதுலேருந்து அவர் பேசறது எனக்கு மட்டும்தான் புரியுது. கேக்தான் கேக்கறாருன்னு நினைச்சு ஆளாளுக்கு ஊட்டி விட்டீங்க. நடக்கணும்னாருடி. இந்த வருஷம் வாசல் வரைக்குமாவது நடக்கணும்னாரு. நேத்து திருப்பிப் படுக்க வைக்கறப்ப நான் பட்டுன்னு சொல்லிட்டேன், அப்பா, உங்க சபதம் கேக்கோட வயித்துக்குள்ள போயிடுச்சுன்னு. அழுதாரு. இப்பல்லாம் அவர் அழுதாலும் சிரிச்சாலும் மூஞ்சி ஒரே மாதிரிதான் இருக்கு. அதனால சிரிச்சாருன்னே வெச்சுக்கலாம்.

என்ன, கிண்ணத்தை விட்டுட்டு என் கையைத் தட்டற? என்னோடதா? அடடா, இப்பவாவது கேக்கத் தோணிச்சே. அன்னிக்கு என் முறை வந்தப்ப குக்கர் விசிலடிச்சுது. அணைக்க எழுந்து போனேன். வந்து பாத்தா கேக் தட்டு காலி. நீ எழுந்து நின்னு உன்னோடதைச் சொல்லிக்கிட்டிருந்த. எனக்கு மிச்சம் வெச்சது, கழுவ வேண்டிய தட்டு. சொல்றேன், அவசரப்படாத. மூச்சை நல்லா இழு.

உன் சபதம்தான் எல்லாத்தையும்விடப் பெரிசு. ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற வேலை. வேற ஊரு, தனி ரூமு, கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கலாம். பயணிகளின் கனிவான கவனத்திற்குன்னு கரண்டியை மைக்கா புடிச்சுக்கிட்டு நின்னியே, எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், கையெல்லாம் சோப்பு நுரை. குரலைப் பதிவு பண்ணி அனுப்பற முதல் சுத்துல தேறியும் காட்டிட்ட. மிச்சம் இருந்தது போன்ல வாசிச்சுக் காட்டறது ஒண்ணுதான்.

உன் உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன், நான் என்ன அம்மாவா? சொன்னதைச் சொன்னபடி செஞ்ச. மொட்டைமாடில நின்னு கத்தி வாசிடி, அப்பதான் தொண்டை திறக்கும்னேன். பனின்னுகூடப் பாக்காம விடியக்காலைல போய்க் கத்தின. வலிக்குதுக்கான்னு வந்து நின்னப்ப, வலிச்சாத்தான் திறக்குதுன்னு அர்த்தம்னேன். நம்பின. ஸ்கூல்ல பேச்சுப் போட்டிக்கு இப்படிக் கத்தித்தான் எனக்கும் குரல் போச்சு. மேடையேறி வெறும் காத்தை ஊதிட்டு இறங்கினேன். நீ அப்ப கைக்குழந்தை, உனக்கெங்க தெரியப்போகுது.

குனி, குனி. இன்னும் ஆவி வருது பாரு.

காலைல வாசிச்சுக் காட்டச் சொல்லி ஸ்டேஷன்லேருந்து போன் வந்துச்சே. ரெண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்லுக்கான்னு கையைக் காலை ஆட்டிக் கெஞ்சின. சிக்னல் இல்லைன்னு நான் கொல்லைப்பக்கம் போனேன். திரும்பி வந்து உன்கிட்ட என்ன சொன்னேன்? ஆச்சுன்னேன். நீ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு முத்தம் குடுத்த. நல்லா யோசிச்சுப் பாரு, ஆச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். தள்ளி வெச்சாச்சுன்னு சொன்னேனா? ஒரு தட்டா, ரெண்டு தட்டா?

கேட்டேன்டி, சத்தியமா கேட்டேன். அந்த ஆபீசர் பாவம், நல்ல மனுஷர். இருக்கறது ஒரே இடம், இன்னிக்கே முடிவு பண்ணியாகணும், இப்ப வாசிக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்னாரு. சரிங்க, அந்த அடுத்த ஆளு நான்தாங்கன்னேன்.

ஆடாதடி, தண்ணி கொட்டும்! உன் விண்ணப்பத்தை நிரப்பினது யாரு? கம்ப்யூட்டர் முன்னாடி நீ கொட்டாவி விட்டுட்டுத் தூங்கப் போயிட்ட. உனக்கு ஒண்ணு போட்ட கையோட எனக்கும் ஒண்ணு போட்டேன். முதல் சுத்துல நானும் தேறினேன், பட்டியல்ல உனக்கு அடுத்த பேரு என்னோடதுதான். யாரும் கேக்கலை, நானும் சொல்லலை.

துணி காயற கொடிக்கு நடுவுல நின்னு வாசிச்சேன். தம்பியோட ஈர பனியன் கன்னத்துல வந்து ஒட்டுது, நான் பாட்டுக்கு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, முதலாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்னு இழுத்தேன். வாசிக்கறப்ப எனக்கே தெரிஞ்சுது, பிரமாதமா வந்துச்சு. அந்த மனுஷர் மறு பேச்சே பேசலை. திங்கக்கிழமை வந்து சேந்துடுங்கன்னாரு.

அப்பாவுக்குத்தான் முதல்ல தெரியும். ஜன்னலோரம் படுத்திருந்தாரு, ஒரு வார்த்தை விடாம கேட்டாரு. காலைலேருந்து உன்னைப் பாத்துப் பாத்து என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரே, அதுதான். நீ தண்ணி கேக்கறாருன்னு சொம்பைக் கொண்டுபோய் நீட்டின.

என் சபதத்தைக் கேட்டியே, அதைத்தான்டி இப்ப சொல்லி முடிச்சேன். இந்த வீட்டுல ஜனவரியிலேயே நிறைவேறினது என்னோடது ஒண்ணுதான். அப்புறம், ராத்திரியில அப்பாவை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. வலது பக்கம் புண்ணு இன்னும் ஆறலை. துடைக்கறப்ப வலிச்சா அம்மான்னு கத்துவாரு, நம்ம அம்மாவைக் கூப்பிடறாருன்னு நினைச்சு ஓடாத, அவங்களும் வரமாட்டாங்க. மத்ததெல்லாம் போகப் போகப் புரியும். எனக்குப் புரியலையா?

என்னடி, தலையைத் தூக்காத! தண்ணி பூரா தரையில. இப்படி விடாம தட்டினா ஆமாங்கறியா, இல்லைங்கறியா, நான் என்னன்னு எடுத்துக்கறது?